கடைசியில் நிற்பவருக்கும் ஒரு பங்கு: கணினிக்குள் நடக்கும் வரிசையின் வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பெற்றோரும் சேர்ந்து வாசித்தால் நல்லது. பணிசெயல் முறைமை பற்றிய அலகில் முறைவழி முகாமைத்துவம் என்று ஒரு பகுதி வருகிறது. பிள்ளைகளில் பலர் அதைப் படம் வரைந்து, பெயர்களைப் பாடமாக்கி, புள்ளியை எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. யார் முதலில், யார் பிறகு, அந்த வரிசையை மாற்றும் உரிமை யாருக்கு, கடைசியில் நிற்பவரின் ஹக் என்ன என்று மனிதர்கள் யோசித்தும் வாதாடியும் எழுதிய வரலாறு அது. கணினி பக்கம் போகாத நமக்கும் அதில் எடுத்துக்கொள்ள விஷயம் உண்டு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுவோம். வீட்டுக் கணினியில் கிராஅத் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் ஒரு கடிதம் தட்டச்சு செய்கிறோம். பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதாகத்தான் நமக்குத் தெரிகிறது. உண்மையில் புரொசசரின் ஒரு மையம் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். இதற்குச் சில மில்லிசெக்கன், அதற்குச் சில மில்லிசெக்கன் என்று மாறி மாறிக் கொடுப்பதால் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு முறைவழி. அடுத்தது யார், எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கும் பகுதிக்கு நேரஒழுங்காளர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வரிசையில் கஞ்சி ஊற்றிக் கொடுப்பவரை நினைத்துக்கொண்டால் போதும்.

வரிசை வெளியே இருந்த காலம்

1950களில் கணினிக்குள் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. வரிசை வெளியே, மனிதர்களுக்கிடையில் இருந்தது. ஆய்வாளர் தன் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் தயார்செய்து, அட்டைக் கட்டை இயக்குபவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். விடை வர மணித்தியாலங்கள் எடுக்கும், சில நேரம் மறுநாள் ஆகும். ஓர் இடத்தில் ஒரு குறி தவறியிருந்தால் திருத்திக்கொண்டு மறுபடியும் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான். இயந்திரம் விலை கூடியது, மனிதனின் நேரம் மலிவானது என்ற கணக்கில் எல்லாம் நடந்தது.

இந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களில் ஒருவர் ஜோன் மெக்கார்த்தி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருந்த அவர், ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்று 1959இல் ஒரு குறிப்பு எழுதினார். அதைச் செய்து காட்டியவர் அதே நிறுவனத்தின் பெர்னாண்டோ கோர்பட்டோ. 1961 நவம்பரில் ஐ.பி.எம். 709 இயந்திரத்தில் அவருடைய குழு நேரப்பகிர்வு முறைமையை இயக்கிக் காட்டியது. அதன் பெயர் சி.டி.எஸ்.எஸ். இந்த வழியில் செய்த பணிக்காக 1990இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தது.

வரிசை உள்ளே வந்ததும் கேள்வியும் உள்ளே வந்தது. ஒருவர் ஒரு சின்னக் கட்டளை கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்கிறார். இன்னொருவர் பல மணித்தியாலம் ஓடும் கணக்கைப் போட்டிருக்கிறார். இருவரையும் எப்படி ஒரே வரிசையில் வைப்பது? 1962இல் வெளிவந்த கட்டுரையில் கோர்பட்டோவின் குழு ஒரு பதில் சொன்னது. பல மட்டங்களில் வரிசைகளை வைக்க வேண்டும். சின்ன வேலை மேல்மட்ட வரிசையில் நுழையும். கொடுத்த நேரத்தில் முடியாவிட்டால் ஒரு மட்டம் கீழே இறங்கும். கீழே இறங்க இறங்க முறை வருவது குறையும், ஆனால் வரும்போது கிடைக்கும் நேரம் இரட்டிப்பாகும். கொஞ்சம் கேட்பவர் சீக்கிரம் போய்விடுவார். நிறையக் கேட்பவர் காத்திருந்து, தன் முறை வரும்போது நிம்மதியாகச் செய்துகொள்வார். இன்றைய உயர்தர மாணவன் படிக்கும் பல மட்ட வரிசையின் மூலம் இதுதான்.

இதிலேயே ஓர் ஆபத்தும் இருந்தது. மேலே புதிய வேலைகள் வந்துகொண்டே இருந்தால் கீழே இருப்பவருக்கு முறை எப்போது வரும்? பாடநூல்களில் ஒரு கதை உண்டு. வதந்தி என்றுதான் அந்நூல்களும் சொல்கின்றன. எம்.ஐ.டி.யின் ஐ.பி.எம். 7094 இயந்திரத்தை 1973இல் நிறுத்தியபோது, 1967இல் கொடுக்கப்பட்ட ஒரு குறைந்த முன்னுரிமை வேலை இன்னும் ஓடாமல் உள்ளே கிடந்ததாம். கதை உண்மையோ இல்லையோ, அந்த நிலைமைக்குக் கணினித்துறை வைத்த பெயர் 'பட்டினி'. அதற்கு மருந்தும் கண்டுபிடித்தார்கள். ஒரு வேலை காத்திருக்கக் காத்திருக்க அதன் முன்னுரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். காத்திருந்த காலமே அதற்கு ஒரு தகுதியாகிவிடும்.

'நைஸ்' என்ற பெயர்

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் யுனிக்ஸ் முறைமையை எழுதத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சியும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த அதன் பதிப்புகளிலேயே ஒரு சின்னக் கட்டளை சேர்ந்துவிட்டது. அதன் பெயர் 'நைஸ்'. ஆங்கிலத்தில் நல்ல குணம் உள்ளவர், பிறருக்கு இடம் கொடுப்பவர் என்ற கருத்து.

பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். நைஸ் எண் கூடினால் முன்னுரிமை குறையும். ஏன் தலைகீழாக இருக்கிறது என்று கேட்பார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டால் தடுமாற்றம் போய்விடும். அந்த எண் அளப்பது முறைவழியின் பெருமையை அல்ல, அது மற்றவர்களிடம் காட்டும் தயவை. தயவு கூடியவர் பின்னால் நிற்பார். இன்றைய லினக்ஸில் இந்த எண் -20 இலிருந்து 19 வரை போகும். சாதாரணமாகத் தொடங்கும் முறைவழிக்கு 0. 19 என்றால் எல்லோருக்கும் வழிவிடுபவர். -20 என்றால் எல்லோரையும் விட முந்துபவர். ஒரு முறைவழி பெற்றெடுக்கும் பிள்ளை முறைவழிகளுக்கும் தாயின் எண்ணே போகும்.

அந்தக் காலத்தில் ஒரு இயந்திரத்தைப் பலர் பகிர்ந்தார்கள். உங்களிடம் அவசரமில்லாத பெரிய வேலை இருந்தால், நைஸ் என்று முன்னால் போட்டு ஓடவிடலாம். அறையில் இருக்கும் மற்றவர்களின் விசைப்பலகை இழுபடாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நம்முடைய மார்க்கத்தில் இதற்கு 'ஈஸார்' என்று ஒரு சொல் இருக்கிறது, தன்னைவிடப் பிறரை முற்படுத்துவது. நிரல் எழுதியவர்கள் அதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இதைவிடப் பொருத்தமான சொல் நமக்குக் கிடைக்கவில்லை.

இதில் ஓர் உறுதியான சட்டமும் இருந்தது, இன்றும் இருக்கிறது. சாதாரணப் பயனர் தன் எண்ணைக் கூட்டலாம், அதாவது தான் பின்னுக்குப் போகலாம். எண்ணைக் குறைத்து முன்னுக்கு வரும் அதிகாரம், 'ரூட்' என்று சொல்லப்படும் நிர்வாகிக்கு மட்டுமே. விட்டுக்கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. மற்றவர்களைத் தாண்டிப் போவதற்கு அனுமதி வேண்டும். அந்த அதிகாரம் ரூட்டிடம் இருக்கும் ஓர் அமானிதம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது

நைஸ் கட்டளையில் ஒரு குறை இருந்தது. வேலையைத் தொடங்கும்போதுதான் அதைச் சொல்ல முடியும். தொடங்கி இரண்டு மணித்தியாலம் கழித்து, 'இது எல்லோரையும் தடுக்கிறதே' என்று தெரியவந்தால் என்ன செய்வது? வேலையை நிறுத்தினால் செய்த இரண்டு மணித்தியாலமும் வீண்.

கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் யுனிக்ஸை விரித்து எழுதிக்கொண்டிருந்தவர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். 1980இல் வந்த பேர்க்லியின் நான்காம் பதிப்பில் 'ரீநைஸ்' என்ற கட்டளை சேர்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும் முறைவழியை நிறுத்தாமல், வெளியிலிருந்தே அதன் எண்ணை மாற்றலாம். ஒவ்வொரு முறைவழிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கட்டளையின் பெயர், புதிய நைஸ் எண், முறைவழியின் அடையாள எண், இவ்வளவுதான். மாற்றம் உடனே நடக்கும். வேலை ஓரிடத்திலும் அறுபடாது.

சட்டம் இங்கும் அதேதான். சாதாரணப் பயனர் தன் சொந்த முறைவழிகளை மட்டும், அதுவும் பின்னுக்கு மட்டுமே தள்ளலாம். 0 இலிருந்து 10க்குப் போனவர் மறுபடி 5க்கு வர நினைத்தாலும் வழக்கமான அமைப்பில் முடியாது, ரூட்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, 'விட்டுக்கொடுத்ததைத் திரும்ப எடுக்கக்கூட முடியாதா' என்று கேட்பார்கள். திரும்ப எடுக்க விட்டால், அவசியம் வரும்போதெல்லாம் எடுப்பார்கள். அப்போது நைஸ் என்ற எண்ணுக்கு மதிப்பில்லாமல் போய்விடும். 2005இல் வந்த லினக்ஸ் 2.6.12 பதிப்பிலிருந்து, எவ்வளவு தூரம் திரும்பி வரலாம் என்று நிர்வாகி ஓர் எல்லை போட்டுக்கொடுக்க வழி வந்தது. அதுவும் நிர்வாகி கொடுத்தால்தான்.

செயல்முறையில் தவறாமல் இருக்க ஒரு குறிப்பு: லினக்ஸில் நைஸ் கட்டளைக்குக் கொடுக்கும் எண் ஏற்கனவே உள்ள எண்ணுடன் கூட்டப்படும். ரீநைஸ் கட்டளைக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் எண்ணோ அப்படியே புதிய மதிப்பாகிவிடும். 'டொப்' என்ற கட்டளையைத் திறந்தால் எந்த முறைவழி எவ்வளவு எடுக்கிறது என்று பட்டியல் ஓடும். அங்கேயே ஆர் எழுத்தை அழுத்தி எண்ணை மாற்றலாம். இன்னொன்று, நைஸ் கட்டுப்படுத்துவது புரொசசரின் நேரத்தைத்தான். வன்தட்டு வாசிப்பதும் எழுதுவதும் இழுபட்டால் அதற்கு 'ஐயோநைஸ்' என்ற வேறு கட்டளை இருக்கிறது.

செவ்வாயில் நின்றுபோன வரிசை

எண் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? 1997 ஜூலை 4ஆம் திகதி நாசாவின் பாத்பைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கணினி திரும்பத் திரும்பத் தானே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. அதில் ஓடியது லினக்ஸ் அல்ல, வி.எக்ஸ். வேர்க்ஸ் என்ற வேறொரு முறைமை. ஆனால் பாடம் எல்லா முறைமைக்கும் பொது.

காலநிலைத் தகவல் சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமை வேலை ஒன்று, பொதுவான ஒரு வளத்தைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தது. மிக உயர்ந்த முன்னுரிமையுள்ள வேலைக்கு அதே வளம் தேவைப்பட்டது, அது பூட்டுத் திறக்கும்வரை காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமையுள்ள நீண்ட வேலை ஒன்று வந்து, தாழ்ந்த வேலையை ஓடவிடாமல் தடுத்தது. தாழ்ந்தவர் ஓடினால்தான் பூட்டுத் திறக்கும். அவர் ஓட முடியாததால் உயர்ந்தவரும் நின்றுபோனார். முக்கியமான வேலை நேரத்துக்கு நடக்காததைக் கண்ட காவல் பொறிமுறை கணினியை மறுதொடக்கம் செய்தது.

பொறியியலாளர்கள் பூமியில் அதே நிலைமையை உருவாக்கிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தீர்வு எளிமையானது. உயர்ந்தவர் ஒருவர் காத்திருக்கும் வளத்தைத் தாழ்ந்தவர் வைத்திருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் உயர்ந்தவரின் முன்னுரிமையைத் தாழ்ந்தவருக்குக் கடனாகக் கொடுத்துவிடுவது. அந்த வசதி முறைமையில் ஏற்கனவே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து மாற்றத்தை அனுப்பி அதை இயக்கினார்கள். பிரச்சினை தீர்ந்தது. லினக்ஸிலும் சாதாரண நிரல்கள் பயன்படுத்தும் வகையில் இதேபோன்ற வசதி 2006இல் சேர்ந்தது.

லினக்ஸும் ஒரு டொக்டரும்

லினக்ஸின் பிறப்பே வரிசையிலிருந்துதான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக வாங்கிய 386 கணினியில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு முறைவழி ஏ என்ற எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும், மற்றது பி என்ற எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும். திரையில் ஏக்களும் பிகளும் மாறி மாறி வந்தால் இரண்டுக்கும் முறை கிடைக்கிறது என்று அர்த்தம். அதை வளர்த்துக்கொண்டே போனதுதான் அந்த ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி அவர் உலகுக்கு அறிவித்த முறைமை. அப்போது அவருக்கு வயது 21.

ஆரம்பகால லினக்ஸின் நேரஒழுங்காளர் சின்னது. அடுத்தவரைத் தெரிவுசெய்ய ஓடத் தயாராக நிற்கும் எல்லோரையும் ஒருமுறை பார்த்து வரும். பத்துப் பேர் என்றால் சரி, ஆயிரக்கணக்கானவர்கள் நின்றால் பார்த்து முடிக்கவே நேரம் போய்விடும். ஹங்கேரியைச் சேர்ந்த இங்கோ மொல்னார் 2002இல் புதிய ஒழுங்காளர் ஒன்றை எழுதினார். எத்தனை பேர் நின்றாலும் தெரிவு செய்ய ஒரே அளவு நேரம்தான் எடுக்கும். 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பில் அது எல்லோருக்கும் போனது.

பெரிய சேவையகங்களுக்கு அது நன்றாக இருந்தது. வீட்டு மேசையில் வைத்துப் பயன்படுத்துபவர்களோ, ஒலி விட்டு விட்டு வருகிறது, மவுஸ் இழுபடுகிறது என்று முறையிட்டார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர் கொன் கொலிவாஸ். அவுஸ்திரேலியாவில் மயக்கமருந்து வைத்தியர். நிரலாக்கம் அவருடைய தொழில் அல்ல, தானாகக் கற்றுக்கொண்டது. எந்த வேலை பயனருக்கு முக்கியம் என்று முறைமை ஊகிக்கக் கூடாது, எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட்டாலே போதும் என்பது அவருடைய வாதம். 2007 மார்ச்சில் அந்த அடிப்படையில் ஓர் ஒழுங்காளரை எழுதி வெளியிட்டார்.

அடுத்த மாதமே இங்கோ மொல்னார் சி.எஃப்.எஸ். என்ற தன் புதிய ஒழுங்காளரை வெளியிட்டார். பெயரின் பொருள் 'முற்றிலும் நியாயமான ஒழுங்காளர்'. நியாயமான பங்கீடு சாத்தியம் என்று நிரூபித்தவர் கொலிவாஸ்தான் என்று அந்த அறிவிப்பிலேயே நன்றி சொன்னார். லினஸ் எடுத்துக்கொண்டது மொல்னாரின் நிரலை. பின்னால் அதைப் பராமரிக்க யாரை நம்பலாம் என்பதையும் தன் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். 2007 ஒக்டோபர் 9ஆம் திகதி 2.6.23 பதிப்பில் அது வெளிவந்தது. அதற்கு முன்பே, ஜூலையில், கொலிவாஸ் மனம் நொந்து ஒதுங்கிவிட்டார். 2009இல் வேறோர் ஒழுங்காளருடன் திரும்பி வந்தார். ஆனால் அதைப் பிரதான லினக்ஸில் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது இரண்டு விஷயம். ஒரு வைத்தியர் ஓய்வு நேரத்தில் கற்ற கலையால் உலகம் முழுக்க ஓடும் ஒரு முறைமையின் போக்கை மாற்றினார். அவருடைய கருத்து வென்றது, அவருடைய நிரல் வெல்லவில்லை. இரண்டாவது, போட்டியாளரின் பெயரை முதல் அறிவிப்பிலேயே சொல்லி நன்றி செலுத்திய மொல்னாரின் பண்பு. பொதுவேலை செய்யும் இடங்களில் நாம் அடிக்கடி மறப்பது இதைத்தான்.

நியாயத்தின் கணக்கு

புதிய ஒழுங்காளர் நைஸ் எண்ணுக்கும் புதிய அர்த்தம் கொடுத்தது. முந்தியதில் 0 எண்ணுள்ளவருக்கு ஒரு முறைக்கு 100 மில்லிசெக்கன், 1 எண்ணுள்ளவருக்கு 95. வித்தியாசம் மிகக் கொஞ்சம். ஆனால் 18 எண்ணுள்ளவருக்கு 10 மில்லிசெக்கன், 19 எண்ணுள்ளவருக்கு 5. ஒரே ஒரு படி இறங்கியதற்குப் பங்கு பாதியாகிவிடும். மேலே இருப்பவர் ஒரு படி விட்டுக்கொடுத்தால் நட்டமில்லை, கீழே இருப்பவர் அதே ஒரு படி விட்டுக்கொடுத்தால் பாதி போய்விடும்.

புதியதில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு நிறை வைத்தார்கள். 0க்கு 1024. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நிறையை ஏறக்குறைய 1.25ஆல் வகுப்பார்கள். 1க்கு 820, 5க்கு 335, 10க்கு 110, 19க்கு 15. பங்கு நிறையின் விகிதப்படி. கல்குலேட்டர் எடுத்துப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம். ஒரே மையத்தில் இரண்டு முறைவழிகள் நிற்காமல் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 0உம் 1உம் என்றால் பங்கு ஏறக்குறைய 55.5 வீதமும் 44.5 வீதமும். 0உம் 5உம் என்றால் 75உம் 25உம். 0உம் 10உம் என்றால் 90உம் 10உம். 18க்கு நிறை 18, 19க்கு 15. அங்கும் பங்கு ஏறக்குறைய 55க்கு 45தான். எந்தப் படியில் நின்று விட்டுக்கொடுத்தாலும் விலை ஒன்றே.

நமக்குப் பிடித்த கணக்கு கடைசியில் வருகிறது. 0 எண்ணுள்ளவர் ஒருவரும் 19 எண்ணுள்ளவர் ஒருவரும் நின்றால், 19க்கு 1024உம் 15உம் சேர்ந்த 1039இல் 15 பங்கு. ஏறக்குறைய 1.4 வீதம். கொஞ்சம்தான், பூச்சியம் அல்ல. எல்லோருக்கும் வழிவிட்டு நிற்பவரையும் முறைமை மறப்பதில்லை. மற்றவர்கள் யாரும் இல்லாத நேரத்தில் முழுப் புரொசசரும் அவருக்கே. 1973இன் கதையில் உள்ளே கிடந்த வேலைக்கு நேர்ந்தது இங்கே நேராது.

இதற்குள் நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் இதுவரை எடுத்த நேரத்தை, அவரவர் நிறைக்கு ஏற்பத் திருத்தி, ஒரு கணக்குப் புத்தகம்போல எழுதி வைக்கிறார்கள். அடுத்த முறை யாருக்கு என்றால், கணக்கில் மிகக் குறைவாகப் பெற்றவருக்கு. இதுவரை குறைவாகப் பெற்றவர் யார் என்று பார்த்துக் கொடுப்பதுதான் அதன் முழுத் தத்துவமும்.

கையில் இருக்கும் தொலைபேசி

இதெல்லாம் எங்கோ இருக்கும் இயந்திரத்துக்கு என்று நினைக்க வேண்டாம். அன்ட்ரொயிட் தொலைபேசியின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கருவகம்தான். அன்ட்ரொயிட்டில் பின்னணி வேலைக்கு வகுத்த எண் 10. திரையில் காட்சியை வரைவதற்கு -4. ஒலிக்கு -16. பின்னணியில் படங்களை நகலெடுக்கும் வேலை ஒரு செக்கன் தாமதித்தால் யாருக்கும் தெரியாது. அதான் ஒலிக்கும்போது கால் செக்கன் அறுந்தால் காது உடனே பிடித்துவிடும். அவசரம் யாருக்கு உண்மையில் தேவை என்று யோசித்து வைத்த எண்கள் அவை.

2011இல் லினக்ஸ் 2.6.38 பதிப்பில் இன்னொரு மாற்றம் வந்தது. ஒருவர் ஒரு சாளரத்தில் இருபது வேலைகளை ஓடவிட்டால், இருபது பேரின் பங்கை அவர் எடுக்க முடியாது. அந்தச் சாளரம் முழுவதும் ஒரு குடும்பமாகக் கணக்கிடப்படும், குடும்பத்துக்கு ஒரு பங்கு. ஆள் பலத்தால் வரிசையைப் பிடிப்பது அதோடு முடிந்தது. இதனால் ஒரு விளைவும் உண்டு. இந்த வசதி இயங்கும்போது ரீநைஸ் செய்யும் மாற்றம் அந்தக் குடும்பத்துக்குள் மட்டுமே தெரியும். 'எண்ணை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை' என்று பிள்ளைகள் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கலாம்.

2023 ஒக்டோபரில் வந்த 6.6 பதிப்பில் சி.எஃப்.எஸ். முறையின் இடத்துக்குப் புதிய முறை ஒன்று வந்தது. எழுதியவர் பீட்டர் சைல்ஸ்ட்ரா. அதன் அடிப்படை அயன் ஸ்டொய்கா, ஹுஸைன் அப்துல் வஹாப் என்ற இரு ஆய்வாளர்கள் 1995இல் எழுதிய கட்டுரை. ஒருவருக்கு எவ்வளவு பங்கு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு சீக்கிரம் வேண்டும் என்பது வேறு கேள்வி என்று அது பிரித்துப் பார்க்கிறது. கொஞ்சம் போதும் ஆனால் இப்போதே வேண்டும் என்பவரையும், நிறைய வேண்டும் ஆனால் பொறுத்திருப்பேன் என்பவரையும் தனித்தனியாகக் கவனிக்கலாம். 1962இல் கோர்பட்டோ குழு தொட்ட அதே விஷயம். 1995இல் எழுதிய கட்டுரைக்கு முறை வர 28 வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள்.

நமக்கு என்ன?

முதலாவது, பாடசாலைக்கும் வீட்டுக்கும். நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகள் பல இடங்களில் 'ஸ்லோ' என்று மூலையில் வைக்கப்படுகின்றன. தூக்கிப் போடுமுன் ஒரு லினக்ஸைப் போட்டு, டொப் கட்டளையில் யார் எவ்வளவு எடுக்கிறார் என்று பாருங்கள். பின்னணியில் புதுப்பிக்கும் வேலையோ கோப்புச் சுருக்கும் வேலையோ முழுப் புரொசசரையும் பிடித்திருந்தால் 19க்குத் தள்ளிவிடுங்கள். பிள்ளை தட்டச்சு செய்வது இலகுவாகும், அந்த வேலையும் நடந்துகொண்டே இருக்கும். நினைவகம் போதாமல் இழுபட்டால் இது உதவாது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உயர்தரப் பிள்ளைகளுக்கு. இரண்டு முடிவற்ற வேலைகளைத் தொடங்குங்கள். இரண்டும் ஒரே மையத்தில் ஓடும்படி 'டாஸ்க்செட்' கட்டளையால் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு மையத்தில் ஓடி வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒரே சாளரத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்றை 5க்கு மாற்றுங்கள். டொப் பட்டியலில் 75, 25 என்று எண்கள் பிரிவதை உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு பரீட்சைத் தாளில் முன்னுரிமை பற்றி எழுதப் பாடமாக்கத் தேவையிருக்காது.

மூன்றாவது, நம் எல்லோருக்கும். ஊரில் ஒரு விஷயம் ஆக வேண்டும் என்றால், 'உள்ளே நமக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா' என்பதுதான் பல நேரம் நம் முதல் கேள்வி. பிள்ளையின் அனுமதியாக இருக்கட்டும், உதவிப் பட்டியலாக இருக்கட்டும், ஒரு கையொப்பமாக இருக்கட்டும், எல்லோருக்கும் -20 வேண்டும். ஒருவர் முன்னே போனால் பின்னால் நிற்கும் ஒவ்வொருவரின் நேரத்திலிருந்தும் கொஞ்சம் எடுக்கப்படுகிறது. புரொசசரின் நேரம்போலவே அதுவும் 100 வீதம்தான், கூடாது. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும். பின்னால் நிற்கும் தாயின் முகம் நமக்குத் தெரியாததால் அந்தக் கணக்கு நமக்குப் படுவதில்லை.

யுனிக்ஸை எழுதியவர்கள் மனிதர்கள் நல்லவர்களாக இருப்பார்கள் என்று நம்பி எல்லாவற்றையும் திறந்து வைக்கவில்லை. முந்துவதற்குப் பூட்டுப் போட்டார்கள், விட்டுக்கொடுப்பதற்கு வாசலைத் திறந்து வைத்தார்கள். அந்தப் பூட்டின் சாவி நம்மில் சிலரிடம் இருக்கிறது. பள்ளி நிர்வாகத்தில், பாடசாலை அபிவிருத்திக் குழுவில், அலுவலக மேசைகளில் இருப்பவர்களிடம். நோயாளிக்கும் முதியவருக்கும் கைக்குழந்தையோடு நிற்பவருக்கும் அதைப் பயன்படுத்தி முன்னே விடுவது நியாயம், அதற்காகத்தான் அந்த அதிகாரம். சொந்தக்காரருக்கும் தெரிந்தவருக்கும் பயன்படுத்தினால் அமானிதத்தில் கை வைப்பது.

சாவி இல்லாத நம்மிடமும் ஓர் அதிகாரம் இருக்கிறது. நமக்கு அவசரமில்லாத இடத்தில், 'நீங்க முதல்ல போங்க' என்று சொல்லிவிடலாம். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இதை உயர்தரப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிடுங்கள். பரிசோதனையைச் செய்து பார்த்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த எண்களைக் கீழே எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.